'பதவி' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

எங்கள் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கம் ஆண்டுதோறும் இரண்டு விருதுகள் தருகிறது. பணியில் உயர்ந்தவருக்குத் தருவது 'சாதனையாளர்' விருது. தொண்டு செய்தவருக்குத் தருவது 'சேவைச் செம்மல்' விருது. மேடையில் இருவருக்கும் ஒரே அளவுக் கேடயம், ஒரே கடையில் மொத்தமாக வாங்கிய பொன்னாடை. ஆனால் அழைப்பிதழைக் கையில் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். சாதனையாளரின் பெயருக்குக் கீழே பதவி, நிறுவனம், ஊர், நாடு என்று இரண்டு வரிகள் ஓடும். சேவைச் செம்மலின் பெயருக்குக் கீழே 'சமூக ஆர்வலர்' என்று மட்டும் இருக்கும், அவர் எங்கோ வேலை பார்த்துச் சம்பாதித்துக் குடும்பம் நடத்துபவர் என்பதே யாருக்கும் நினைவில்லாததுபோல. விருதாளர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நானும் ஒருவன். இந்த ஏற்பாட்டில் ஏதோ பிசகியிருக்கிறது என்று ஒவ்வோர் ஆண்டும் தோன்றும். விழா முடிந்து சாப்பாட்டுக்கு இலை போட்டதும் அது மறந்துபோகும். சென்ற ஆண்டு அப்படி மறக்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

வடசென்னையில் இருக்கும் எங்கள் கல்லூரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பழைய வண்ணாரப்பேட்டையின் தியாகராயா கல்லூரியில் படித்தவர்களும், வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியில் படித்தவர்களும், பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில் படித்தவர்களும் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். யாரும் தத்தம் கல்லூரியை வைத்து இதைப் படித்துக்கொள்ளலாம், பெரிதாக மாறிவிடாது.

போனவர்களும் இருந்தவர்களும்

வடசென்னையில் கல்லூரிக்குப் போவது என்பது எங்கள் தலைமுறை வரைக்கும் வீட்டில் முதல் ஆள் செய்த காரியம். பின்னி மில்லில் தறி ஓட்டியவரின் மகன், ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.-இல் ஃபிட்டராக இருந்தவரின் மகள், காசிமேட்டில் மீன் ஏலம் விட்டவரின் மகன் என்று வகுப்பில் வரிசையாகச் சொல்லலாம். பட்டம் வாங்கிய பிறகு எடுத்து வைக்கும் அடுத்த அடியும் ஏறக்குறைய முடிவானதுதான்: வடசென்னையை விட்டு, பேசின் பிரிட்ஜைத் தாண்டிக் குடிபோக வேண்டும். அண்ணா நகர், வேளச்சேரி, பிறகு பெங்களூரு, துபாய், அதற்கும் பிறகு இன்னும் தூரம். போனவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. போகச் சொல்லித்தான் எங்களைப் படிக்கவைத்தார்கள். ஆனால் எங்கள் சங்கத்தின் பழைய அழைப்பிதழ்களைப் பரப்பி வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படுகிறது. சாதனையாளர்களாக மேடை ஏறியவர்களில் பெரும்பாலோர் இங்கிருந்து போனவர்கள். சேவைச் செம்மல்களில் பெரும்பாலோர் இங்கேயே இருந்துவிட்டவர்கள். நாங்கள் வேலையையும் சேவையையும் பிரித்துக்கொண்டிருப்பதாக நினைத்தோம். நடந்ததோ, முகவரியை வைத்துப் பிரித்ததுதான். இருந்துவிட்டவர்களும் வேலை பார்த்தார்கள். அதை யாரும் சாதனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரிகிறது. குழுவில் இருக்கும் ஓர் அம்மா, வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு கூட்டத்தில் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பொம்பளைங்கன்னா உடனே சேவையா? நாங்கல்லாம் வேலைக்கே போகலியா?" பட்டியலில் அப்போது சேவைக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தவர் மாநகராட்சிப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை. தம் பள்ளியில் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடாமல் வீடு வீடாகப் போய் அழைத்து வந்தவர். அது அவருடைய வேலையின் உச்சமா, வேலைக்கு வெளியே செய்த தொண்டா என்ற கேள்வியைக் கூட்டத்தில் ஒருவரும் எழுப்பவில்லை. பெண், ஆசிரியை, ஏழைப் பிள்ளைகள் என்ற மூன்றும் சேர்ந்ததும் படிவம் தானாகவே சேவைக் கட்டுக்குள் போய் விழுந்துவிட்டது.

இந்தப் பிரிவினை வடசென்னைக்குச் சற்றும் ஒத்துவராதது என்பதற்கு நம் கண்முன்னே வாழ்ந்து மறைந்தவர்களே சாட்சி. வியாசர்பாடியில் டாக்டர் திருவேங்கடம் 1970-களில் இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்க்கத் தொடங்கியவர். பிறகு அது ஐந்து ரூபாயானது. 2020 ஆகஸ்டில் அவர் மறையும்வரை 'அஞ்சு ரூபா டாக்டர்' என்பதுதான் பெயர். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். வண்ணாரப்பேட்டைப் பக்கம் டாக்டர் ஜெயச்சந்திரனும் இரண்டு ரூபாயில் தொடங்கி ஐந்து ரூபாய்க்கு வந்தவர்தான். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது இங்குள்ளவர்கள் சொந்த வீட்டுச் சாவுக்குப் போல வந்து நின்றார்கள். எங்கள் சங்கத்தின் படிவத்தை இவர்களுக்காக நிரப்ப வேண்டியிருந்தால் எந்தக் கட்டுக்குள் வைத்திருப்போம்? சேவை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஐந்து ரூபாய் என்பதற்காக மட்டும் யாரும் காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பதில்லை. இவர் கை வைத்தால் குணமாகும் என்ற நம்பிக்கை வேண்டும், கைராசி வேண்டும். அது தொழில் திறமை. ஒரே நாற்காலியில் ஒரே நாடியைப் பிடித்துக்கொண்டு நடந்த காரியத்தை, வாங்கிய காசு குறைவு என்பதற்காகத் தொண்டு என்றும், காசு அதிகமாக இருந்திருந்தால் சாதனை என்றும் பெயரிடுவது எனக்கு வேடிக்கையாகப் படுகிறது.

நாட்டின் பத்ம விருதுகளுக்கான விதிகளைப் பார்த்தேன். தேர்ந்தெடுக்கப்படுபவரின் சாதனையில் பொதுச்சேவையின் அம்சம் ஒன்று இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. வெறுமனே நீண்ட காலம் பணியாற்றியது போதாது என்றும் இருக்கிறது. அந்த விருதுகள் எப்படிக் கொடுக்கப்படுகின்றன என்பது வேறு விவகாரம். எழுதிவைத்த அளவிலாவது அங்கே சாதனையும் சேவையும் ஒன்றுக்குள் ஒன்றாகத்தான் இருக்கின்றன. எங்கள் சங்கம் ஐ.ஐ.டி. போன்ற பெரிய நிறுவனங்கள் தரும் சிறந்த முன்னாள் மாணவர் விருதைப் பார்த்து ஒன்றைத் தொடங்கி, அது முழுக்கப் பெரிய மனிதர்களுக்கே போகிறதே என்ற உறுத்தலில் இரண்டாவதை ஒட்டவைத்தது. ஒட்டுப்போட்ட இடம் தெரியத்தானே செய்யும்.

படிவமும் மணிக்கணக்கும்

பரிந்துரைப் படிவம் ஒரே பக்கம்தான். பெயர், படித்த ஆண்டு, துறை, தற்போது வகிக்கும் பதவி, நிறுவனம், பெற்ற விருதுகள், கல்லூரிக்குச் செய்த பங்களிப்பு. கடைசிக் கட்டத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் தேசிய அமைப்பான நாக், மதிப்பிடும்போது முன்னாள் மாணவர்களின் ஈடுபாட்டையும் பார்க்கிறது. பதிவு பெற்ற சங்கம் இருக்கிறதா, பணமாகவோ வேறு வகையிலோ உதவியிருக்கிறதா என்று கேட்கிறது. 'வேறு வகையில்' என்ற சொற்கள் அங்கே தெளிவாகவே இருக்கின்றன. ஆனாலும் வேறு வகையை எண்ணிக் காட்டுவது கஷ்டம். ரசீதைக் காட்டுவது சுலபம். ஆகவே நாளடைவில் சேவைச் செம்மல் விருதுகூட வகுப்பறைக்கு ப்ரொஜெக்டர் வாங்கிக் கொடுத்தவரையும், குடிதண்ணீருக்கு ஆர்.ஓ. மெஷின் வைத்தவரையும் தேடிப் போகத் தொடங்கியது. ஆர்.ஓ. மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் காலத்தில் அந்தக் குழாயில் வந்த தண்ணீரைக் குடித்தவனுக்கு அதன் அருமை தெரியும்.

சேவையைத் தனியே எடுத்து அளக்கும் பழக்கத்தை நாங்கள் மாணவர்களாக இருந்தபோதே கற்றுக்கொண்டோம் என்றுதான் நினைக்கிறேன். காந்தி நூற்றாண்டான 1969-இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரமும் ஏழு நாள் முகாமும் கணக்கு. நாங்கள் கால்வாய்க் கரையில் செடிகொடிகளை வெட்டினோம், ரத்ததான முகாமில் பிஸ்கட் கொடுத்தோம், நோட்டில் மணியை எழுதித் திட்ட அலுவலரிடம் கையெழுத்து வாங்கினோம். அந்தத் திட்டத்தால் நல்லது நடந்திருக்கிறது, எனக்கே நடந்திருக்கிறது. ஆனால் சேவை என்பது படிப்பும் வேலையும் முடிந்த பிறகு, தனி நோட்டில், தனி நேரத்தில் செய்வது என்ற எண்ணம் அங்கேதான் எங்களுக்குள் ஆழமாக இறங்கியது.

கொருக்குப்பேட்டையில் ஒரு பலகை

சென்ற ஆண்டு சேவைச் செம்மல் விருதுக்கு வந்த பெயர்களில் ஒன்று கொருக்குப்பேட்டையில் மாலை வகுப்பு நடத்தும் ஓர் அண்ணனுடையது. எனக்குப் பல ஆண்டுகள் மூத்தவர், கணிதப் பட்டதாரி. ஒரு படிப்பகத்தின் மாடியில் எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கணக்குச் சொல்லித்தருகிறார். படிவத்தைக் கொடுத்தது அவரிடம் படித்து இப்போது எங்கள் கல்லூரியிலேயே முதலாண்டு படிக்கும் ஒரு பெண். 'பதவி' என்ற கட்டத்தில் அந்தப் பெண் 'கிளார்க்' என்று எழுதி, பிறகு என்ன நினைத்தாளோ, அதை அடித்துவிட்டு 'ஷிப்பிங்' என்று எழுதியிருந்தாள். விருதை ஏற்றுக்கொள்கிறாரா என்று நேரில் போய்க் கேட்டுவரும் வேலை என் தலையில் விழுந்தது.

ரயில்வே கேட் போட்டிருந்தது. கொருக்குப்பேட்டை கேட்டில் காத்துக்கிடப்பதைப் பற்றி வடசென்னை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் மாடி ஏறியபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வெள்ளைப் பலகையில் அன்றைய பாடம்: சதவீதம். பாடப்புத்தகத்தில் வருகிற லாப நட்டக் கணக்கோ தள்ளுபடிக் கணக்கோ அல்ல. இறக்குமதியாகும் ஒரு சரக்கின் மதிப்பு 1,00,000 ரூபாய். அடிப்படைச் சுங்க வரி 7.5 சதவீதம், ஆக 7,500. சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம். ஆனால் அது சரக்கின் மதிப்பின் மீதல்ல, வரியின் மீது, ஆக 750. மூன்றையும் கூட்டினால் 1,08,250. இப்போது அந்தக் கூட்டுத்தொகையின் மீது ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரியான ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம். முன் வரிசையில் ஒரு பையன் 18,000 என்றான். "எதுக்கு மேல பதினெட்டு?" என்று கேட்டார் அண்ணன். பையன் பலகையைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான், பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்தான், அடித்துவிட்டு 19,485 என்று எழுதினான். "இந்த ஆயிரத்து நானூத்தி எம்பத்தஞ்சு ரூபா கொறச்சு கட்டினா பொட்டி வெளிய வராது. புரிஞ்சுதா?" பிள்ளைகளுக்குப் பெட்டி என்றால் என்னவென்று தெரியும். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்துதான் அவர்களில் பலர் பள்ளிக்குப் போகிறார்கள். அந்தப் பெட்டிக்குள்ளே ஒரு சதவீதக் கணக்கு இருக்கிறது என்பது அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. வேறெந்த ஆசிரியரிடமும் அது தெரிந்திருக்காது.

வகுப்பு கலைந்த பிறகு டீ வந்தது. வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இது சாயந்திரம் ஏழு மணிக்கு மேல பண்றது தம்பி. பகல் பூரா ஒண்ணு பண்றேனே, அத ஏன் யாரும் கேக்க மாட்டேன்றீங்க?"

"சொல்லுங்கண்ணே," என்றேன்.

சொன்னார். பட்டம் வாங்கியதும் பாரிமுனையில், சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஆபீஸில் சேர்ந்தது, சுங்க அலுவலகமான கஸ்டம் ஹவுஸில் மேசை மேசையாகக் கட்டுக் கட்டாகப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு அலைந்தது, பரீட்சை எழுதி, சுங்கப் பணிக்கான அடையாள அட்டையான ஜி கார்டு வாங்கியது. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்தது முதல் இந்தத் தொழிலே மாறிவிட்டதை முன்னால் வந்தவர்கள் சொல்லக் கேட்டது. பிறகு எல்லாம் கணினிக்குப் போனபோது தம்மோடு இருந்த மூத்த கிளார்க்குகள் பலர் மிரண்டு வேலையை விட்டது. இவர் இரவில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தது. ஒரு சரக்குக்குச் சுங்க வரிப் பட்டியலிலிருந்து எட்டு இலக்கக் குறியீடு ஒன்று தர வேண்டும். அது 84-ஆம் அத்தியாயத்து இயந்திரமா, 85-ஆம் அத்தியாயத்து மின்சாதனமா என்பதில் பிசகினால் வரி மாறும், சரக்கு நிற்கும், நாளுக்கு நாள் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும். மோட்டார் பொருத்திய ஒரு சாதாரணக் கருவிக்குக்கூட அதன் கேட்டலாகை வரி வரியாகப் படித்து முடிவெடுக்க வேண்டும் என்றார். "என் பேப்பர்ல பிசகி ஒரு பொட்டிகூட டெமரேஜ்ல நின்னதில்ல தம்பி. கஸ்டம் ஹவுஸ்ல போய்க் கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க. அது சாதனை இல்லியா?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அவர் தொடர்ந்தார். சேவைக்கு விருது என்று ஃபிளெக்ஸ் வைத்தால் மறுநாளே பெற்றோர்கள், இவருக்கு எங்கிருந்தோ பணம் வருகிறது என்று நினைப்பார்கள். வருகிறவர்களில் சிலர் கூச்சப்பட்டுப் பிள்ளையை நிறுத்துவார்கள், சிலர் உரிமையோடு பிள்ளைக்குப் பீஸ் கட்டச் சொல்லிக் கேட்பார்கள். இப்போது ஒரு கிளார்க் கணக்குச் சொல்லித்தருகிறார், அவ்வளவுதான். அது இப்படியே இருக்கட்டும். "நான் ஒண்ணும் தியாகி இல்ல. எனக்கு இந்தக் கணக்கு நல்லாத் தெரியும், அதான் சொல்லிக்குடுக்குறேன். தெரியாத ஆள் போய் சொல்லிக்குடுத்தா அது சேவையா?"

கேட் திறந்து வண்டிகள் நகர்ந்துகொண்டிருந்தபோது நான் யோசித்தது இதைத்தான். அந்த மாடியில் நடப்பதை அவருடைய பகல் வேலையிலிருந்து பிரித்தெடுக்கவே முடியாது. பலகையில் இருந்தது அவருடைய அலுவலகம். முப்பது ஆண்டுகளாக எட்டு இலக்கங்களோடு மல்லுக்கட்டி வந்த கூர்மைதான் 'எதுக்கு மேல பதினெட்டு?' என்ற கேள்வியாக வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்ததால்தான் பிள்ளைகள் மாடி ஏறுகிறார்கள். எங்கள் படிவமோ அந்த மனிதரை நடுவில் கிழித்து, ஒரு பாதியை 'கிளார்க்' என்று ஒதுக்கிவிட்டு, மறுபாதிக்குப் பொன்னாடை போர்த்த வந்திருந்தது. தன் ஆசிரியரின் வேலையை எழுதி அடித்த அந்த முதலாண்டு மாணவிக்குக்கூட இது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். அவர் யார் என்று சொல்ல அவளுக்கு அந்தக் கட்டத்தில் இடம் போதவில்லை.

குழுவில் நடந்தது

அவர் மறுத்துவிட்டார் என்று குழுவில் சொன்னேன். கூடவே, அவரைச் சாதனையாளர் விருதுக்குப் பரிசீலிக்கலாம் என்றும் சொன்னேன். அறையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு ஒருவர், நல்லவர்தான், தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கிளார்க்குக்கு எப்படிங்க சாதனையாளர் விருது குடுக்கிறது? மாணவர்களுக்கு என்ன முன்னுதாரணம் ஆகும்?" இது அலட்சியத்தில் வந்த கேள்வி அல்ல. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகள் மேடையில் ஒரு பெரிய பதவியைப் பார்க்க வேண்டும், நாமும் அங்கே போகலாம் என்று நம்ப வேண்டும் என்பது அவருடைய வாதம். அதில் நியாயம் இருக்கிறது. எனக்கும் ஒரு காலத்தில் அப்படி யாரோ ஒருவர் மேடையில் தேவைப்பட்டார். ஆனால் எங்கள் கல்லூரியிலிருந்து வெளியே போகும் பிள்ளைகளில் மிகப் பலர் பெரிய நிறுவனத்தின் துணைத் தலைவர் ஆகப்போவதில்லை. கணக்காளராக, ஆய்வக உதவியாளராக, மருந்துக் கடையில், துறைமுகத்தில், பள்ளியில் வேலை பார்க்கப்போகிறார்கள். அந்த வேலையிலும் பிரமாதமாக இருக்க முடியும், அதைப் பார்த்து மதிக்கவும் ஆள் இருக்கிறது என்று அவர்களுக்கு நாங்கள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சாயங்காலம் இலவச டியூஷன் எடுத்தால் மட்டும் கூப்பிடுவோம் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறோம்.

வங்கியில் இருந்த அம்மா என் பக்கம் நின்றார். மற்றவர்கள் நேரமாகிறது என்றார்கள். அந்த ஆண்டுக் கேடயம் ஆர்.ஓ. மெஷின் வைத்தவருக்குப் போனது. அவர் ஏற்புரையில் தம் தொழிலைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிறகு சாப்பாட்டு வரிசையில் பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, மணலிப் பக்கம் ஒரு சிறிய பட்டறை வைத்து, படிப்பை நிறுத்திய பையன்களுக்கு லேத் வேலை கற்றுக்கொடுத்துச் சம்பளமும் தருகிறவர் என்று. அதை மேடையில் சொல்லியிருந்தால் மெஷினைவிடப் பெரிய விஷயமாக இருந்திருக்கும்.

இந்த ஆண்டுக்காக நானும் அந்த அம்மாவும் சேர்ந்து புதிய படிவம் ஒன்றைத் தயார் செய்திருக்கிறோம். விருது ஒன்றே; கேடயங்கள் வேண்டுமானால் இரண்டோ மூன்றோ இருக்கட்டும். 'பதவி' என்ற கட்டம் இல்லை. அதற்குப் பதிலாக, அவர் என்ன வேலை செய்கிறார், அதை எப்படிச் செய்கிறார், அதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். கூட வேலை பார்க்கும் ஒருவரின் கடிதமும், அவரால் பயன்பெற்ற ஒருவரின் கடிதமும் இணைக்க வேண்டும். மேடையில் அறிமுகப்படுத்தும்போது அந்தப் பக்கத்தைச் சுருக்காமல் வாசிக்க வேண்டும்.

எதிர்ப்பு நான் நினைத்த இடத்திலிருந்து வரவில்லை. பதவியை எடுப்பதைப் பற்றி யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. கல்லூரி அலுவலகத்துக்குத் தனியே ஒரு தாளில் கொடுத்துவிடலாம் என்று பேசி முடித்தாயிற்று. பொருளாளருக்குத்தான் வருத்தம். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் வாசித்தால் விழா நீளும், சிறப்பு விருந்தினர் பன்னிரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும், ஹாலை ஒரு மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்றார். சிறப்பு விருந்தினரின் உரையைக் குறைத்துக்கொள்ளலாமே என்று அந்த அம்மா கேட்டார். அதை அவரிடம் யார் போய்ச் சொல்வது என்பதை அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வதாக ஒத்திவைத்திருக்கிறார்கள்.